தானாக ஏற்கும் பெண்

தட்டு மாற்றியதும் பெண்ணின் மோடத்தைத் தானாக ஏற்கும் நிலையில் வைப்பது இப்போது சம்பிரதாயம். தணிகாசலம் அதைச் சபையிலேயே செய்தார். மகள் பூங்கோதையின் கழுத்தெலும்புக்குக் கீழே பதித்திருந்த மோடம், அன்று முதல் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும் எந்த இணைப்புக் கோரிக்கையையும் அவளைக் கேட்காமலே ஏற்றது. அவளுடைய தூக்கம், நாடி, சாப்பாடு எல்லாம் அங்கே போயின.

"நேத்து ராத்திரி சரியாத் தூங்கலையே. யாரை நெனச்சிட்டிருந்தே?" என்று வருங்கால மாமியார் அவள் பல் துலக்கும்போதே மோடம் வழியாக அவள் காதுக்குள் கேட்டார்.

"கொசு, அத்தை."

அன்று பூங்கோதையும் மாப்பிள்ளைக்கு ஒரு கோரிக்கை அனுப்பிப் பார்த்தாள். அது மறுக்கப்பட்டது.

"மாப்பிள்ளை வீடுன்னா அப்படித்தாம்மா இருக்கும்," என்றார் தணிகாசலம், இட்லியைப் பிட்டபடி.

"அப்படியாப்பா?" என்றாள். பிறகு அவர் முன்னாலேயே மோடத்துக்குக் கட்டளையிட்டாள். "இனி எதையும் தானா ஏற்காதே. வர்ற எல்லாக் கோரிக்கையையும் மறு."

சற்று நேரத்தில் மாமியார் தணிகாசலத்தையே அழைத்தார்.

"என்ன சம்பந்தி, பொண்ணுகிட்டேருந்து ஒண்ணுமே வரலை? நாடியைக்கூடக் காணோம். உசிரோட இருக்காளா?"

தணிகாசலம் எதிரே பார்த்தார். மகள் இன்னோர் இட்லியை எடுத்துச் சாம்பாரில் நிதானமாக மூழ்கடித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கா, சம்பந்தியம்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "சின்ன ரிப்பேர்தான். முகூர்த்தத்துக்குள்ள சரி பண்ணிக் கொடுத்துடறோம்."