மடங்காத முட்டி

அறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, வலது முட்டியில் கட்டுடன் என் மச்சான், விமான டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட்.

ஒரு வாரம் தங்க வந்த மச்சான் படியில் விழுந்து, மூன்று மாதமாக என் கட்டிலில் படுத்திருந்தான். நான் சமையலறைத் தரையில்.

“முட்டி மடங்கினா ஒரு சீட் போதும் சார். மடங்கலைன்னா காலை நீட்ட மூணு சீட் வாங்கணும். பதினாலு மணி நேரப் பயணம்,” என்றார் ஏஜென்ட்.

“மடங்காது மாமா,” என்று முனகினான் மச்சான்.

“பாவம், குழந்தை,” என்றாள் மனைவி. குழந்தைக்கு வயது நாற்பத்தொன்று.

ஏஜென்ட் போனைத் தடவினார். “பிசினஸ் கிளாஸ்ல படுத்துட்டே போற சீட் ஒண்ணு பாதி விலைக்கு வருது. ஆனா இப்பவே கிளம்பணும். கீழே டாக்சி நிக்குது. லிஃப்ட்தான் ரிப்பேர்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் மச்சானையும் அவன் பையையும் காணோம். நான்கு மாடியும் தடதடவென்று அதிர்ந்தன.

ஏஜென்ட் என் மனைவியிடம் திரும்பினார். “நீங்க சொன்ன மாதிரியே நேத்தே போட்டுட்டேன் மேடம். சாதா கிளாஸ், கடைசி வரிசை, நடு சீட்.”

இரண்டிரண்டு படியாகத் தாவி மச்சான் திரும்பி வந்தான். “அக்கா, ஊன்றுகோலை மறந்துட்டேன்.”

“பார்த்துப் போடா, முட்டி பத்திரம்,” என்று அதைக் கையில் கொடுத்துவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.