ஆறு மணிக்குப் போகும் கரண்ட்

"சரியா ஆறு மணிக்குப் போயிடுதுங்க. ஒரு நிமிஷம் முன்னப் பின்ன கிடையாது. திரும்பி வர ஏழாகுது."

"யாரு சார்?" என்றார் கடைக்காரர்.

"கரண்ட்டுங்க!" வரைபடக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பேட்டரிக் கடைக்கு வந்து வேற யாரைப் பத்திப் பேசப்போறேன்?"

பக்கத்தில் நின்ற மனைவி கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

வரைபடக்காரருக்கு வீட்டிலேயே வேலை. இன்ஜினீயர் ஒருவர் கட்டும் வீடுகளுக்குக் கம்ப்யூட்டரில் பிளான் வரைந்து கொடுப்பார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்திருப்பார்.

இரண்டு மாதமாக அந்தப் பிழைப்பில் மண் விழுந்திருந்தது. ஆரம்பத்தில் சேமிக்காத கோடெல்லாம் பறிபோனது. ஆறுக்கு முன்னால் சேமித்துவைக்கப் பழகிய பிறகும் தொல்லை தீரவில்லை. இன்ஜினீயர் சைட்டிலிருந்து திரும்பி, "குளியலறைக் கதவை இந்தப் பக்கம் மாத்துங்க, உடனே அனுப்புங்க" என்று கூப்பிடுவதே அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

திரை கறுத்ததும் மேஜையில் ஓங்கிக் குத்துவார். "காத்தில்லாத ரூமுல வேர்த்துக்கிட்டு ஏன் உட்கார்ந்திருக்கீங்க? கீழே போய் நாலு சுத்து நடந்துட்டு வாங்க" என்பாள் மனைவி. வேறு என்ன செய்ய? கரண்ட் ஆபீஸ்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் தெருத் தெருவாக நடப்பார்.

போன வாரம் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "சர்க்கரை நல்லா இறங்கியிருக்கே! மாத்திரையைக் குறைச்சிடலாம்" என்றார். அப்போதும் இவர் நினைப்பு முழுக்க அனுப்பாத பிளானில்தான் இருந்தது.

நேற்று இன்ஜினீயர் முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை லேட்டானா நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

கடைக்காரர் முதலில் பழைய மாதிரி ஆசிட் பேட்டரியைக் காட்டினார்.

"இதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். யாருங்க பார்க்கிறது? வேண்டாம்" என்றாள் மனைவி.

"அப்போ லித்தியம் எடுத்துக்குங்க மேடம். தண்ணியும் வேண்டாம், வாடையும் இல்லை. பல வருஷம் உழைக்கும்." கடைக்காரர் ஏதோ நினைவு வந்தவராக இவர் பக்கம் திரும்பினார். "ஆமா சார், வீடு தண்ணி டேங்க் தெருன்னுதானே சொன்னீங்க? எங்க அக்காவும் அங்கேதான் இருக்கா. அங்கே கரண்ட் போறதா அவ சொன்னதே..."

"இது வெடிக்குமாமே?" என்று குறுக்கே விழுந்தாள் மனைவி.

"அது வேற வகை மேடம். இது லேசுல சூடாகாது."

"லேசுல ஆகாதுன்னா, கொஞ்சம் சிரமப்பட்டா ஆகும்னுதானே அர்த்தம்?"

கடைக்காரர் அதை ஓரமாக நகர்த்தினார். பிறகு கைப்பிடி வைத்த ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பவர் ஸ்டேஷன். இதைச் சுவர்ல சொருகுங்க, கம்ப்யூட்டரை இதுல சொருகுங்க. அவ்வளவுதான். கரண்ட் போனது கம்ப்யூட்டருக்கே தெரியாது. ரெண்டு திரை வச்சிருந்தாலும் ஒண்ணரை மணி நேரம் தாங்கும்."

"இதேதான்! இதைத்தான் நான் தேடினேன்!" வரைபடக்காரரின் முகத்தில் இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

மனைவி பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொப்பென்று வைத்தாள். "அம்மாடி, என்ன கனம்! கூட்டிப் பெருக்குறப்போ இதை நகர்த்தினா என் முதுகு போயிடும். ரெண்டு நாள் யோசிச்சு வாங்கலாங்க."

"ரெண்டு மாசமா அதைத்தானே பண்றேன்!" கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். அன்றைக்கும் ஆறு மணிக்குப் போனது. அன்றைய நடையில் அவர் கரண்ட் ஆபீஸை விட்டுவிட்டு மனைவியைத் திட்டிக்கொண்டே போனார். பிழைப்பே போகப்போகிறது என்று தலையில் அடித்துக்கொள்கிறேன், இவளுக்கு முதுகு பெரிதாகப் போய்விட்டதே என்று மனசு ஆறவே இல்லை.

மறுநாள் மதியம் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்துச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தப் பெட்டியை வாங்கி, மூச்சிரைக்க இரண்டு மாடி தூக்கி வந்தார். மேஜைக்கு அடியில் வைத்துக் கம்ப்யூட்டரையும் மோடத்தையும் சொருகி, முன்னால் பழைய பிளான் சுருள்களை நிறுத்தி மறைத்தார். அவளிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் இதற்கும் ஒரு நொட்டை கண்டுபிடிப்பாள்.

மணி ஆறு.

மின்விசிறி தள்ளாடி நின்றது. சமையலறையில் ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. காலடியில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். இரண்டு திரைகளும் கண்கூடச் சிமிட்டவில்லை.

வரைபடக்காரருக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. குளியலறைக் கதவை இழுத்து இந்தப் பக்கம் வைத்தார். ஒரே தட்டில் பிளான் இன்ஜினீயருக்குப் பறந்தது.

வாசல் பக்கமிருந்து காலடிச் சத்தம் கேட்டது. "கரண்ட் போயிடுச்சாங்க? சும்மா உட்காராம கீழே போய்..." என்று வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டே வந்த மனைவி அறை நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தாள். பளிச்சென்று எரியும் திரையைப் பார்த்தாள். நம்ப முடியாமல் மறுபடி விசிறியைப் பார்த்தாள்.

"மெயின் சுவிட்சை இப்பத்தானே அணைச்சுட்டு வர்றேன்... இது எப்படிங்க ஓடுது?"