பக்கத்து வீட்டுப் பையன்

"வணக்கம் சார்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் குழுத் தலைவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். பதில் வணக்கம் இல்லை. எதிர் நாற்காலியைக் கண்ணால் காட்டிவிட்டு, மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

அவளுக்குச் சுருக்கென்றது. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள், நாள் முழுக்க ஊர்ப்பட்ட வசவை வாங்கிக் கட்டிக்கொள்பவள்தான். ஆனால் அங்கே நடுவில் ஒரு கண்ணாடி உண்டு. இங்கே மூன்று பேருக்கும் அவளுக்கும் நடுவில் வெறும் மேசைதான்.

தலைவருக்கு ஒரு பக்கம் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. மறுபக்கம் போதை சிகிச்சையைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா. போதையை விட்டவர்களுக்கு, அந்த ஏக்கத்தை அடக்கும் மாத்திரையை ஒரு வாரத்துக்கு மொத்தமாகக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நிறுத்திவிடலாமா என்று பேசத்தான் இந்தக் குழு. நிறுத்திவிட்டால் தினமும் சிகிச்சை மையத்துக்குப் போய் நர்சின் கண்ணெதிரே போட்டுக்கொள்ள வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

"யாருக்காகப் பேச வந்திருக்கீங்க?" என்றார் போலீஸ்காரர்.

"பக்கத்து வீட்டுப் பையனுக்காக, சார்." வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பொய் அது. "லிஃப்ட் ரிப்பேர் பண்றான். காலையில ஏழு மணிக்கு வேலையில இருக்கணும். மையம் திறக்கறதே ஒன்பது மணிக்கு. தினமும் வரிசையில நில்லுன்னா அவன் வேலை போயிடும், சார். அந்த வேலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவன் எழுந்து நிக்கறான்."

"வீட்டுக்குக் குடுத்தா வெளில வித்துடறாங்கம்மா. நான் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா?"

"நீங்க பிடிச்சவங்களைத்தான் சார் நீங்க பாத்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. "ஒழுங்கா மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்குப் போறவங்களை நான் பாத்திருக்கேன்."

இருவரும் இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். தலைவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதுதான் முடிவு என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவரோ தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் காலையில அதிகம் பேச மாட்டாரு. நீங்க சொல்லுங்க" என்றார் போலீஸ்காரர்.

"அவன் விக்கற பையன் இல்லைங்க" என்றாள் அவசரமாக. "காலையில எழுந்ததும் மாத்திரையை நாக்குக்கு அடியில வெச்சுக்கிட்டு, முழுசா கரையற வரைக்கும் பேசாம அப்படியே உட்கார்ந்திருப்பான். நான் பக்கத்துலயே நின்னு பாப்பேன். அந்த நேரம் பார்த்து போன் அடிச்சா நான்தான் எடுத்து, குளிக்கறான்னு சொல்லுவேன்."

போலீஸ்காரர் நிமிர்ந்தார். "பக்கத்து வீட்டுப் பையன் எழுந்திருக்கறப்பவே நீங்க அங்க இருப்பீங்களா?"

அவளுக்குக் காது வரை எரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேசையின் விளிம்பைப் பார்த்தாள். அகப்பட்டுக்கொண்டது ஒரு வெட்கம். பெற்ற பிள்ளையைத் தானே அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டோமே என்பது அதைவிடப் பெரிய வெட்கம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்த சம்பளத்தில் அவளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்த பிள்ளை. அந்தச் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"என் புள்ளதான், சார்" என்றாள். குரல் பிசிறடித்தது. "நான் பெத்த புள்ள. வெளில சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு மாத்திச் சொல்லிட்டேன்."

போலீஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா, சரி, அழாதீங்க" என்றார். டாக்டரம்மா கைக்குட்டையை நீட்டினார். தலைவர் மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், பார்க்கவே பிடிக்காதவரைப்போல.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சார், பெத்தவ மானத்தை விட்டுட்டு உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை ஆறுதலா சொன்னா உங்க கௌரவம் கொறஞ்சு போயிடுமா? உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா அப்பத் தெரியும் உங்களுக்கு!"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு. பிள்ளை கட்டிக் காத்துக்கொண்டிருந்த வேலையைத் தன் வாயே கெடுத்துவிட்டது. இனி அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

"என்னம்மா இப்படிப் பேசறீங்க, யார்கிட்ட பேசறோம்னு..." என்று எழப்போன போலீஸ்காரரைத் தலைவர் கையமர்த்தினார்.

பிறகு கூஜாவிலிருந்து தண்ணீரைச் சாய்த்து, வாய் நிறைய வாங்கி, மெதுவாக விழுங்கினார். டம்ளரை மேசையில் வைத்தார். இத்தனை நாள் கூடவே உட்கார்ந்திருந்த இருவரையும் அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா, என் மாத்திரை இப்பத்தான் கரைஞ்சுது."