சனிக்கிழமை லீவு

“இன்னிக்கி ஏதுபா ஸ்கூலு?” என்றார் வாட்ச்மேன் ஜோசப். மகள் ஸ்நேகா மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸோடு பள்ளிக்கூட கேட்டில் நின்ற வரதனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஸ்பெஷல் கிளாஸ்னு யூனிஃபார்ம் போட்டுக்கினு வந்தாளே?”

“ஜூன்லேர்ந்தே வாரத்துக்கு அஞ்சு நாளுதான். சனிக்கெழம லீவு. சர்க்குலர் குடுத்தாங்களே, பொண்ணு காட்டலியா?”

காட்டவில்லை. இது ஆகஸ்ட். பிளஸ் ஒன் படிக்கிற பெண் இத்தனை சனிக்கிழமையும் எங்கே போனாள்?

பெரியவள் நந்தினியும் இப்படித்தான் ஒரு நாள் காலேஜுக்கு என்று கிளம்பினாள். சாயங்காலம், காதலித்த பீட்டரோடு மாலையும் கழுத்துமாக வந்து நின்றாள். அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டதாக அறிவித்தான் வரதன். ஐந்து வருடமாக வீட்டில் அவள் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

ஸ்நேகாவிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே போனான். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் அவள் சாக்லெட் வாங்கினாள். எந்தப் பயலுக்கு என்று பல்லைக் கடித்தபடி அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டான்.

ஆரம்பாக்கத்தில் இறங்கினாள். வரதனுக்குத் திக்கென்றது. நந்தினி குடியிருக்கும் ஊர்!

ஸ்நேகா ரோட்டைச் சுற்றிப் போக, இவன் வயல் வரப்பில் இறங்கிக் குறுக்கே நடந்தான். அக்கா வீட்டுக் கதவை அவள் தட்டும்போது பின்னால் போய் நின்றான்.

“இதான் உன் ஸ்பெஷல் கிளாஸா?”

ஸ்நேகா வெலவெலத்துப் போனாள். “நைனா... அக்காவப் பாக்கணும் போல இருந்திச்சு. லீவு உட்டாங்களா, அதான்...”

“இந்த வாசப்படிய மெறிச்சா காலை ஒடிப்பேன்னு சொன்னேனா இல்லியா? திங்கக்கெழமலேர்ந்து ஸ்கூலும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஊட்லயே குந்து!”

“அடிச்சிக்கோ நைனா. படிப்ப மட்டும் நிறுத்தாத நைனா!” அவள் அழுதாள்.

கதவு திறந்தது. நந்தினி வாசலுக்கு வந்தாள். அவளுடைய நாலு வயது மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து, சித்தியைத் தாண்டிப் போய், வரதனின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“தாத்தா! இன்னிக்கி ஞாயித்துக்கெழமயா?”