மேலயே இரு

நான்காவதாக வந்த பெண்ணும் அதே பாட்டைத்தான் பாடினாள்.

போட்டியே அதுதான். ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தக் கல்லூரியின் ஆண்டு விழாவில், மாணவர்கள் ஒரே பாட்டை அவரவர் பாணியில் பாட வேண்டும். பாடுவதற்கு முன் அதன் அர்த்தத்தையும் சொல்ல வேண்டும். நடுவர், பாட்டை எழுதிப் பாடிய அன்பரசன்.

'எறங்காதே நிலாவே, மேலயே இரு.'

பேரணாம்பட்டில் ஒரு பழைய கிடாரையும் ஒரு பறையையும் வைத்துக்கொண்டு, அவனும் இரண்டு நண்பர்களும் பதிவு செய்து யூடியூபில் போட்ட பாட்டு. இன்று அது யார் யாருடையதோ ஆகிவிட்டது.

வேலூர் கல்யாண மண்டபங்களில் மணப்பெண் அதற்குத்தான் ஆடிக்கொண்டே மேடையேறுகிறாள். நகைக்கடை விளம்பரத்தில் அதை வயலினில் வாசிக்கிறார்கள். ஒரு கிறிஸ்தவ சபையில் 'இறங்கி வாரும் தேவனே' என்று திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். தேர்தல் சமயத்தில் ஒரு கட்சி நிலாவை எடுத்துவிட்டுத் தலைவரை வைத்தது.

ஒருமுறை பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் நின்றபோது, பக்கத்து சீட்டுக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, அது கைவிட்டுப் போன காதலியைப் பற்றிய பாட்டு என்று அன்பரசனுக்கே விளக்கினார். அவன் இறங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்று மேடையிலும் அப்படித்தான். முதலில் வந்தவன் காதல் என்றான். அடுத்தவள் தாலாட்டு என்றாள். மூன்றாமவன், வாழ்க்கையில் சோர்ந்து போகக்கூடாது என்பதுதான் பாட்டின் கருத்து என்று சொல்லிவிட்டு ராப் பாடினான். நான்காவது பெண் கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஒரு வரியை ராகம் போட்டு இழுத்தாள்.

எல்லோருக்கும் அன்பரசன் தலையாட்டினான்.

சால்வை கழுத்தில் அரித்தது. மேடையின் நடுவில் நாற்காலி. இடப்பக்கம் முதல்வர், வலப்பக்கம் தாளாளர். எழுந்து போக வழியில்லை.

தாளாளருக்குக் கல்லூரியோடு தோல் பதனிடும் டேனரியும் ஷூ கம்பெனியும் இருந்தன. அந்த டேனரியில்தான் அன்பரசன் முன்பு வேலை பார்த்தான். "நம்ம டேனரிப் பையன்" என்று மைக்கில் அறிமுகம் செய்தவர், உட்கார்ந்த பிறகும் அவன் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை.

காலையில் அக்கா மரியம்மாள் போன் செய்திருந்தாள். தாளாளரின் ஷூ கம்பெனியில் அவளுக்குத் தையல் வேலை. அவர்கள் கொடுத்த குடியிருப்பில்தான் வீடு. அந்தப் பாட்டு எங்காவது ஒலித்தால் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒவ்வொரு பேட்டிக்கு முன்பும் சொல்வதைத்தான் இன்றும் சொன்னாள்.

"நிலாவப் பத்தின பாட்டுன்னே சொல்லிடுடா. நாளைக்கும் நான் அவங்க கேட்டுக்குள்ளதான் போவணும்."

அவனும் இத்தனை வருஷமாக நிலா என்றே சொல்லி வந்தான்.

கடைசியாக சைரா என்ற மாணவி வந்தாள். இசை எதுவும் வேண்டாம் என்றாள்.

"அர்த்தம் எனக்குத் தெரியல சார். ஒரு டவுட்டுதான் இருக்குது. மேலயே இருன்னு சொல்றவங்க கீழ இருக்காங்க இல்ல? அவங்களுக்கு இன்னா ஆச்சு?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சைரா சிரிக்கவில்லை. பாட ஆரம்பித்தாள். அந்த வரி வந்தபோது அவள் அதை இழுக்கவில்லை. தூரத்தில் நிற்கும் ஒருவரைக் கூப்பிடுவதுபோல் சொன்னாள்.

அன்பரசன் தலையாட்டவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் தாளாளர் அவனிடம் மைக்கை நீட்டினார்.

"சொல்லுப்பா. நிலாதானே?"

அன்பரசன் எழுந்தான். தோளிலிருந்த கை நழுவி விழுந்தது. அவன் சைராவை மட்டும் பார்த்தான்.

"பாட்டுல நிலா இல்லம்மா. அத நான்தான் பின்னால சேர்த்தேன்."

முதல்வர் தாளாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க அக்கா வூட்டுக்காரு, பேரு ஜோசுவா. சாரோட டேனரிலதான் நாங்க ரெண்டு பேரும் வேலை பார்த்தோம். கழிவுத் தொட்டியக் கழுவ அவர எறக்கினாங்க. மூக்குக்குக் கட்ட ஒண்ணுமே குடுக்கல. குடிச்சிட்டு வுழுந்துட்டான்னு அப்புறம் ஊருக்குச் சொன்னாங்க. மாமா குடிக்கவே மாட்டாரு."

"அவன ஒக்கார வைய்யா" என்று தாளாளர் முதல்வரிடம் சொன்னார். யாரோ மைக்கை அணைத்தார்கள்.

திறந்த வெளிகளில் பாடிப் பழகிய குரல் அது. மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை போயிற்று.

"உள்ள வெசவாயு. அவருக்கு மூச்சு முட்டறது மேல நின்ன எனக்குக் கேக்குது. நான் ஏணில கால வச்சிட்டேன். கீழேர்ந்து கத்தினாரு. எறங்காத மச்சான், மேலயே இருன்னு. மறுபடியும் கத்தினாரு. அப்புறம் சத்தமே இல்ல."

சைரா வாயைப் பொத்திக்கொண்டாள். முதல்வர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"நான் எறங்கல" என்றான் அன்பரசன்.