உடையாத கம்பி

“இன்னிக்கும் உடைஞ்சுதுன்னா நான் மூட்டையக் கட்ட வேண்டியதுதான், கஸ்பர்!”

வெரேனா விளையாட்டாகத்தான் சொல்லிப் பார்த்தாள். கண் என்னவோ தட்டில் இருந்த கம்பிகளை விட்டு அகலவில்லை.

டங்ஸ்டன் ஒரு வீம்பு பிடித்த உலோகம். மற்றதெல்லாம் உருகி ஓடும் சூட்டிலும் உருகாமல் நிற்கும். ஆறிய பிறகு வளைத்தாலோ பிஸ்கட் மாதிரி படக்கென்று உடையும். ரீனியம் என்ற இன்னொரு உலோகத்தைக் கலந்தால் அந்த வீம்பு அடங்கி, குளிர்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும். ஆனால் ரீனியம் யானை விலை, குதிரை விலை. துளியூண்டு சேர்த்தே அந்தக் குணத்தைக் கொண்டுவரப் பார்த்தாள் வெரேனா. இதுவரை செய்த கம்பியெல்லாம் உடைந்துவிட்டது. நிதி கொடுக்கும் லெக்னர் இன்று வியன்னாவிலிருந்து டிரோல் மலைப்பகுதியில் இருக்கும் இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அவர் கண்ணெதிரில் வளைந்தால்தான் ஆராய்ச்சி தொடரும்.

“கம்பிங்கள தட்டுல வரிசையா வெச்சிருக்கேன். முதல்ல இருக்கறதுலேர்ந்து ஆரம்பிங்க. நான் போய் அவரக் கூட்டிட்டு வரேன்.”

கஸ்பர் உலைக்காரர். வளைக்கும் இயந்திரம் அவர் வேலையே இல்லை. அதைப் பார்க்கிறவன் பனிச்சறுக்கில் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தான்.

அவள் போனதும் கஸ்பருக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டைக்கூட மறந்து உழைக்கிற பெண், பாவம். நன்றாகச் சுட்டால் எந்த டங்ஸ்டனும் வளையும் என்று உலைக்காரருக்குத் தெரியாதா? முதல் கம்பியைப் பக்கத்துச் சின்ன உலையில் போட்டார். சிவக்கும் முன் எடுத்துவிட்டால், தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது?

பேச்சுக்குரல் கேட்டதும் இடுக்கியால் எடுத்து இயந்திரத்தில் வைத்தார்.

“அமுக்கட்டுமா?”

“ம்... அமுக்குங்க,” என்றாள் வெரேனா.

கம்பி வளைந்தது. வில்லாக வளைந்தும் ஒரு கீறல் விழவில்லை.

“பிரமாதம்!” லெக்னர் கை தட்டினார்.

கஸ்பர் பூரிப்போடு வெரேனாவைப் பார்த்தார். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

“என்னம்மா, சந்தோஷத்துல பேச்சே வரலயா?” என்றார் லெக்னர். “இதுல எவ்வளவு ரீனியம் சேர்த்த?”

“ஒண்ணுமே சேர்க்கல... என் கம்பி அடுத்தது. எப்படி உடையும்னு உங்களுக்குக் காட்டறதுக்காக முதல்ல வெச்ச வெறும் டங்ஸ்டன் இது.”

லெக்னர் கைதட்டலை நிறுத்தினார்.

“வெறும் டங்ஸ்டனே இப்படி வளையுதுன்னா, உன் கலவை எதுக்கும்மா?”