ஒன்பதாவது டம்ளர்

எட்டாவது டம்ளரைக் குடித்து முடித்ததும் வால்வுக்காரருக்கு ஓர் ஏப்பம் வந்தது. விஷம் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

அவருக்கு வந்த எரிச்சலில் டம்ளரை அந்தத் திசையில் வீசியிருப்பார். ஆனால் அது இடத் தெருக்காரர்கள் வீட்டு டம்ளர். வீசினால் அதற்கும் ஒரு மதம் முளைத்துவிடும்.

விஷயம் இவ்வளவுதான். இரண்டு தெருவுக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய். முச்சந்திக்கு வந்ததும் அந்தக் குழாய் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகப் பிரிகிறது. இடத் தெருவுக்கு ஒரு சாமி, வலத் தெருவுக்கு வேறு சாமி. தொட்டியில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று விடிவதற்குள் எல்லோருடைய செல்போனிலும் செய்தி வந்திருந்தது. கலந்தது வலத் தெருக்காரர்கள் என்று இடத் தெரு நம்பியது. இடத் தெருக்காரர்கள்தான் என்று வலத் தெரு சத்தியம் செய்தது.

கலந்தவர்களும் அதே தண்ணீரைத்தானே குடிக்க வேண்டும் என்று வால்வுக்காரர் தொண்டை கிழியக் கேட்டுப் பார்த்தார்.

“அவங்க நேத்தே புடிச்சு வெச்சிருப்பாங்க” என்றார்கள் இடத் தெருவில்.

அடுத்த நிமிடம் வலத் தெருவிலும் அச்சு அசலாக அதையே சொன்னார்கள். இந்த ஒற்றுமையை யாராவது கவனித்தார்களா என்றால், இல்லை.

பதினேழு வருடமாக இந்த முச்சந்தியில் அவர்தான் தண்ணீர் திறந்துவிடுகிறார். இரண்டு தெருவிலும் அவருக்கு வால்வுக்காரர் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் என்னவென்று கேட்க இன்றைக்குத்தான் எல்லோருக்கும் தோன்றியது. அவர் வாயைத் திறக்கவில்லை. பெயரைச் சொன்னால் சாமி தெரிந்துவிடும். சாமி தெரிந்தால் ஒரு தெரு கைதட்டும், இன்னொரு தெரு கல்லை எடுக்கும்.

அரசாங்கத்துக்கு மதம் கிடையாது, அது விடுகிற தண்ணீருக்கும் கிடையாது என்று இன்ஜினியர் அம்மா ஜீப்பின் மேல் ஏறி நின்று மைக்கில் சொன்னார். இரண்டு பக்கமும் விசில் அடித்தார்கள். அதன் பிறகுதான் அவருக்கு இந்த யோசனை உதித்தது. எங்கள் ஊழியரே உங்கள் முன்னால் குடித்துக் காட்டுவார் என்று அறிவித்துவிட்டார்.

ஊழியருக்கு வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரை இருக்கிறது. அரை மணிக்கு ஒரு தடவை ஒதுங்கியாக வேண்டும். அதை யார் கேட்டார்கள்?

இடக் குழாயில் ஒரு டம்ளர் குடித்தால் வலக் குழாயிலும் ஒன்று. இவர்கள் டம்ளரில் குடித்தால் அவர்கள் டம்ளரிலும் குடிக்க வேண்டும். மெதுவாகக் குடித்தால் பயப்படுகிறான் என்றார்கள், மடமடவென்று குடித்தால் ஏமாற்றுகிறான் என்றார்கள். வாடை வருகிறதே என்றார் ஒருவர். நேற்றுத்தான் தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டோம், அதன் வாடை என்று ஐம்பதாவது தடவையாகச் சொல்லி வால்வுக்காரருக்கு நாக்குத் தள்ளியது.

தெருக்காரர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருக்கு வயிறு எரிந்தது வேனில் வந்தவர்களைப் பார்த்துத்தான். காலையிலேயே எங்கிருந்தோ இரண்டு வேன்கள் வந்து, இந்தப் பக்கம் ஒரு நிறத் தலைத்துணியும் அந்தப் பக்கம் வேறு நிறத் தலைத்துணியுமாக ஆட்களை இறக்கியிருந்தன. இந்தத் தொட்டித் தண்ணீரை ஒரு வாய் குடித்தறியாதவர்கள். ஒரு கையில் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர், இன்னொரு கையில் இரும்புக் குழாய். முக்கால் அங்குலக் குழாய் என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்தது. ஒரே அடியில் மண்டை பிளக்கும் என்பதும் தெரிந்தது.

போலீஸ்காரர்கள் மொத்தம் பதினோரு பேர்.

ஒன்பதாவது டம்ளரை அவர் வானத்தைப் பார்த்தபடி குடித்தார். ஏப்பத்தை அடக்கிக்கொண்டார்.

இந்த முறை யாரும் கத்தவில்லை. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று, அவர் விழவில்லை. இடத் தெருவில் சிலர் கடிகாரத்தைப் பார்த்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தார்கள். வலத் தெருவிலிருந்து ஓர் அம்மாள் குடத்தோடு குழாயை நோக்கி வந்தாள். வேன் ஆட்களுக்கு முகம் சுண்டிப்போனது. அப்பாடா, விட்டது பீடை என்று வால்வுக்காரர் துண்டால் வாயைத் துடைத்தார்.

“இவரு சம்பளத்துக்குக் குடிக்கிறாரு!” என்று ஒரு தலைத்துணி கத்தியது. “இவரு பொண்டாட்டி குடிப்பாங்களா? கேளுங்க!”

குடத்தோடு வந்த அம்மாள் நின்றுவிட்டாள். இரண்டு தெருக்காரர்களுக்கும் அது நியாயமான கேள்வியாகப் பட்டது.

வால்வுக்காரர் வீடு நான்கு தெரு தள்ளி. அங்கேயும் இதே தொட்டித் தண்ணீர்தான். கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த பொறுமையும் அவருக்குக் காற்றில் பறந்தது. கேளுங்கள், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். இன்ஜினியர் அம்மா ஜீப்பிலிருந்து குனிந்து மைக்கை அதன் பக்கத்தில் நீட்டினார்.

“இங்க பாரு, நம்ம வீட்டுக் குழாய்ல ஒரு டம்ளர் தண்ணி புடிச்சுக் குடி. குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சத்தமா சொல்லு.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு மனைவியின் குரல் முச்சந்தி முழுக்கக் கேட்டது.

“என்னங்க, விளையாடறீங்களா? ரெண்டு நாளைக்கு அந்தத் தண்ணிய வாயில வைக்காதேன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? நான் என் தங்கச்சிக்கு, அண்ணிக்கு எல்லாருக்கும் அப்பவே போன் போட்டுச் சொல்லிட்டேனே!”

குளோரின் கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டது, வாடை உனக்குக் குமட்டும் என்றும் சேர்த்துத்தான் நேற்று அவர் சொல்லியிருந்தார். அந்தப் பாதியை அவள் இப்போது விட்டுவிட்டாள். நேற்றுப் போனிலும் விட்டிருப்பாள்.

அதைச் சொல்ல அவர் மைக்குக்குக் கை நீட்டினார். இன்ஜினியர் அம்மா அதற்குள் மைக்கை அணைத்துவிட்டு ஜீப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு தெருவும் அன்றைக்கு முதல் தடவையாக ஒரே பக்கம் திரும்பின.